தலைக்கூட்டின் நெற்றியில் நாரை முத்திரை வைத்த பிழையும் அதன் தீர்வும்

நீர்நிலைகள் நிறைந்திருக்க. கடலுக்குப் போன படகுகள் ஒன்று குறையாமல் கரை திரும்புக. அடுப்பில் உலை கொதிக்கும் வேளையில் வீட்டார் அனைவரும் வீட்டில் இருக்க.

வெண்கரை நாட்டுக்கு உரியவளும், மூன்று ஆறுகள் கடல் சேரும் முகத்துவாரத்தைக் காப்பவளும், நாரைக் கொடி உடையவளுமாகிய அருமணி மாதேவி, நெடுமணல் மாநகரத்து அரண்மனையிலிருந்து, புன்னைவாயில் கூற்றத்தின் தலைவரும், நெல்லும் உப்பும் ஒருசேர விளையும் நன்னிலத்தின் அதிபரும், நம் தந்தையார் காலந்தொட்டு நம் குடிக்கு உற்ற துணைவருமாகிய வேள் பெருஞ்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை.

உம்முடைய நலத்தையும், உம் மனைவியார் நலத்தையும், சென்ற மழையில் கரை உடைந்த உம் பெரிய ஏரியின் நலத்தையும் அறிய விழைகிறோம். நாம் நலமே. தலையும் நலமே. தலையை ஏன் தனியே குறிப்பிட்டோம் என்பது போகப்போக விளங்கும்.

இவ்வோலையை நீர் தனித்திருந்து வாசித்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டா. புன்னைவாயிலும் கரும்பனூரும் கூடும் ஆட்டவெளியில் இரண்டு ஊராரையும் அழைத்து, உரத்த குரலுடைய ஒருவரைக் கொண்டு படிப்பிக்க. கேட்க வந்திருக்கும் மக்களே, வெயில் கண்ணில் அடிக்காத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் முன்னால் வாருங்கள். விஷயம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சிரிக்க இடம் நிறைய உண்டு, சிரிக்கப்படுகிறவர்களில் முதல் ஆள் நாமே.

வேளே, நீர் விடுத்த விண்ணப்பம் கிடைத்தது. "வளைகோல் ஆட்டத்துக்கென்று மாதேவி அருளிய தலைக்கூடுகளால் எங்கள் ஆட்டம் கெட்டது, எங்கள் வீரம் கூட்டுக்குள் ஒளிந்துகொண்டது, ஆகவே அவற்றை ஒழித்துப் பழைய ஆட்டத்தையே எங்களுக்குத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதியிருந்தீர். அதற்கு விடை சொல்லுமுன், அந்தத் தலைக்கூடுகள் ஏன் வந்தன என்பதை, அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள, அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம்.

பக்கத்துக்கு ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு வளைந்த புளியங்கோல், நடுவே தோல் சுற்றிய மரப்பந்து ஒன்று, இரு முனையிலும் இரண்டிரண்டு பனைக்கம்பம் நட்ட வாயில். பந்து வாயிலுக்குள் புகுந்தால் ஒரு வெற்றி. இதுதான் வளைகோல் ஆட்டம். சென்ற பங்குனியில், புன்னைவாயிலின் வாயிற்காவலனாகிய தித்தன், கரும்பனூர்த் தலைவன் கொற்றன் அடித்த பந்தைத் தடுக்கப் பாய்ந்தான். பந்து அவன் நெற்றியில் பட்டது. மூன்று நாள் தன்னினைவின்றிக் கிடந்தான். நான்காம் நாள் கண் விழித்தும், உப்பளத்தில் பாத்தி கட்டும் தன் மனைவி இலஞ்சியை யாரென்று அறியாமல் பத்து நாள் இருந்தான். அடித்த கொற்றன் அந்தப் பத்து நாளும் கரும்பனூருக்குப் போகாமல் தித்தன் வீட்டு வாசலிலேயே கிடந்தான் என்றும் கேள்வியுற்றோம்.

அதன்பின்னரே நம் பிரம்புச்சாலையில் தலைக்கூடு முடையச் சொன்னோம். வெளியே இரட்டைப் பின்னலாகப் பிரம்பு, உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை, தாடைக்குக் கீழே கட்ட மெல்லிய தோல் நாடா. செய்தவுடன் நம்பிவிடவில்லை. அரைவேக்காடாகச் சுட்ட மெல்லிய பானையில் நீர் நிரப்பி, அதற்குத் தலைக்கூட்டை அணிவித்து, விளங்காய் அளவு இரும்புக் குண்டை ஆள் உயரத்திலிருந்து அதன்மேல் விழச் செய்தோம். முதல் மாதம் முழுவதும் பானைகள் உடைந்தன. குயவர்கள் நம்மை வாழ்த்தினார்கள். பிரம்புச்சாலையார் நம்மைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பானை உடையவில்லை. பத்து முறை போட்டும் உடையவில்லை. அன்று சாலையில் பாயசம் காய்ச்சினார்கள்.

இப்போது நம் பிழைக்கு வருகிறோம். சோதனையில் தேறிய கூடு எது, தேறாதது எது என்று மக்கள் அறிய வேண்டுமே என்று எண்ணி, தேறிய ஒவ்வொன்றின் நெற்றியிலும் நம் நாரை முத்திரையை, பார்த்தவுடன் தெரியும்படி, பெரிதாகவே பொறிக்கச் சொன்னோம். நல்லது செய்துவிட்டதாக நிம்மதியாக இருந்தோம்.

நம் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் நாரை பொறித்த எல்லைக்கற்களைச் சிலர் உடைத்துவந்தபடியால், நாரை முத்திரை உள்ள எதையும் கோலாலோ கல்லாலோ கருவியாலோ தாக்கியவர் ஓராண்டு ஊர் நீங்கி இருக்கவேண்டும் என்று அவர் ஒரு சட்டம் செய்தார். அரண்மனையில் அதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் எல்லைக்கல் நட்ட வயல்களின் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த புன்னைவாயிலாரும் கரும்பனூராரும், தவழும் பிள்ளைகள் உட்பட, அதை ஒரு சொல் பிசகாமல் அறிந்திருந்தார்கள்.

தைத் திங்கள் முழுநிலவு நாளின் பிற்பகலில் நடந்த ஆட்டத்தை நாம் நேரில் காணாமற்போனது நம் வாழ்நாளின் பெருங்குறை. நடுவர் எழுதியனுப்பியதைக் கொண்டே சொல்கிறோம். சங்கு ஒலித்தது. கொற்றன் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். எதிரே நின்ற புன்னைவாயில் ஆள் ஒருவன் குனிந்து, நெற்றியிலிருந்த நாரையை அவன் கோலுக்கு நேரே நீட்டினான். கொற்றன் ஓங்கிய கோலை ஓங்கியபடியே நிறுத்திவிட்டு, "தலையை எடுடா, அடிக்க முடியவில்லை" என்றான். அவனோ, "அடி அண்ணே, யார் வேண்டாம் என்றது? ஓராண்டு உன் மாமனார் வீட்டில் போய் இருந்துவிட்டு வா" என்றான். சற்று நேரத்தில் கரும்பனூராரும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். பதினெட்டுப் பேரும் முட்டப்போகும் கிடாக்கள்போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒருவரையொருவர் சுற்றிவர, பந்து திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளைபோல நடுவெளியில் தனியே கிடந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. "எங்கள் ஊர் எருமைகள்கூட இதைவிட வேகமாக நடக்கும்" என்று கூட்டத்திலிருந்து ஒரு மூதாட்டி கூவியதாகவும், அதைக் கேட்டு நடுவரே சிரித்துச் சங்கைத் தவறவிட்டதாகவும் அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

பொழுது சாயும் வேளையில் கொற்றனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தன் தலைக்கூட்டைக் கழற்றினான். பந்தின்மேல் கவிழ்த்தான். பின்பு காலால் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு, கோயில் தேர் வருவதுபோல, புன்னைவாயில் வாயிலை நோக்கி நடந்தான். நாரை முத்திரை முன்னே வருகிறது. யார் அதன்மேல் கோல் வைப்பது? எல்லோரும் வழிவிட்டார்கள். சிலர் பழக்கத்தில் கும்பிடவும் செய்தார்கள். பந்து, கூடு, முத்திரை எல்லாம் ஒன்றாக வாயிலுக்குள் போய்ச் சேர்ந்தன. கரும்பனூர் கூத்தாடியது.

இதுவரை சிரிப்பு. இதற்குமேல் நடந்ததை வாசிக்கையில் நமக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

தோற்ற கோபத்தில் புன்னைவாயில் இளைஞர் இருவர் தலைக்கூட்டைக் கழற்றித் தரையில் எறிந்து, "இனிப் பழைய ஆட்டம், வாருங்கள்" என்று அறைகூவினார்கள். கொற்றன் ஏற்கெனவே வெறுந்தலையோடு நின்றான். தித்தனும், வாயிலில் நின்றபடியே, தன் நாடாவை அவிழ்த்தான். அவன் நெற்றித் தழும்பு இன்னும் சிவந்தே இருந்ததென்று நடுவர் எழுதுகிறார். பந்து ஒருமுறை பறந்தது. தித்தனின் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பனைக்கம்பத்தில் மோதிக் கம்பத்தைப் பிளந்தது. நடுவர் உடனே சங்கு ஊதிப் பொழுது போயிற்று என்று ஆட்டத்தை முடித்தார். பொழுது இன்னும் போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் செய்தது சரி.

மறுநாள் தலைக்கூடுகள் எல்லாம் ஊர்மன்றத்துத் தூண்களில் ஏறின. பூச்சூட்டி வைத்திருக்கிறீர்கள் என்றும் அறிந்தோம். நம் முத்திரைக்கு நீங்கள் காட்டும் அன்பு நம்மை நெகிழச் செய்கிறது. ஆனால் தூணுக்கு மண்டை உடையாது, வேளே.

உம் விண்ணப்பம் வந்த மூன்றாம் நாள், உப்புப் படகில் ஏறி இலஞ்சி தானே நம் சபைக்கு வந்தாள். கையில் ஒரு தலைக்கூடு; தித்தனுடையது, தூணிலிருந்து எடுத்துக்கொண்டு வந்ததாம். அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே எழுதும்படி கணக்கருக்குக் கட்டளையிட்டோம்.

"தாயே, அவரிடம் ஆட்டத்துக்குப் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் சரி என்பார், தயிர்ச்சோறு சாப்பிடுவார், போய்விடுவார். போன பங்குனிக்குப் பிறகு பத்து நாள், பக்கத்து வீட்டு ஆட்டைப் பார்த்து இது செவலையின் குட்டி என்று சரியாகச் சொன்னவர், என்னைப் பார்த்து, நீங்கள் யார் வீட்டுப் பெண் அம்மா என்று கேட்டார். நானும் ஒவ்வொரு நாளும், உங்கள் வீட்டுப் பெண்தான் என்று பதில் சொன்னேன். பதினோராம் நாள், குழம்பில் உப்பு அதிகம் என்று என் பேரைச் சொல்லித் திட்டினார். அன்றைக்குத்தான் அழுதேன். இன்னொரு முறை அந்தப் பத்து நாளை என்னால் தாங்க முடியாது. வேள் ஐயா தலைக்கூட்டை எடுத்துவிடச் சொல்கிறார். தலைக்கூட்டை எடுக்காதீர்கள். அதன் மேலே உட்கார்ந்திருக்கும் பறவையை எடுத்துவிடுங்கள்."

நம் அமைச்சர் கண்டனார், நுட்பம் அறிந்தவராதலால், முத்திரையைச் சுரண்டி எடுப்பதும் கருவியால் தாக்குவதே ஆகும் என்றும், எடுப்பவர் ஓராண்டு ஊர் நீங்க நேரும் என்றும் எடுத்துரைத்தார். அப்படியானால் சட்டத்தையே மாற்றுவோம் என்றோம். அதற்கும் அவர், "மாற்றலாம் மாதேவி, பறை அறைந்து ஊர்தோறும் சொல்லலாம். ஆனால் நான்கு தலைமுறையாக அஞ்சிய கை, ஓலையைக் கேட்டவுடன் ஓங்கிவிடுமா? காது நம்பும், கை நம்பாது" என்றார்.

அவர் சொன்னது மெய். ஆகவே கை நம்பும்படி ஒன்று செய்யவேண்டியதாயிற்று. இலஞ்சி கொண்டுவந்த தலைக்கூட்டை வாங்கி, நம் தலையில் நாமே அணிந்துகொண்டு, அரியணையை விட்டு இறங்கிச் சபை நடுவே ஒரு முக்காலியில் அமர்ந்தோம். காவலர் ஒருவரின் கோலை வாங்கி இலஞ்சியிடம் கொடுத்து, முத்திரையின் மேலேயே அடிக்கச் சொன்னோம்.

அவள் கோலைக் கையில் வாங்கினாள். அடிக்கவில்லை. நம் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, "தாயே, இப்படிக் கட்டினால் முதல் அடியிலேயே கூடு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்" என்று சொல்லி, நாடாவை அவிழ்த்து, நம் தாடைக்கும் நாடாவுக்கும் இடையே தன் விரல் ஒன்று மட்டும் நுழையும்படி இறுக்கிக் கட்டினாள். தலைக்கூடு செய்வித்து, சோதனை வைத்து, முத்திரையும் இட்ட நமக்கு, அதை அணியத் தெரிந்திருக்கவில்லை என்பதைக் கேட்டிருக்கும் உங்கள் அனைவர் முன்னும் ஒப்புக்கொள்கிறோம்.

முதல் அடி, குளிப்பாட்டுமுன் குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல இருந்தது. "இதற்காகவா உப்பளத்திலிருந்து வந்தாய்? அன்று ஆட்டவெளியில் தித்தன் நாடாவை அவிழ்த்ததை எல்லைக்கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்தாயே, அப்போது யாரை அடிக்கத் தோன்றியது?" என்றோம். அவள் முகம் மாறியது. இரண்டாம் அடி விழுந்தது.

கோயில் மணிக்குள் தலையை வைத்ததுபோல ஓர் ஓசை கேட்டது. கோல் இரண்டாக முறிந்து, ஒரு துண்டு கண்டனார் மடியில் போய் விழுந்தது. அவர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் எழவில்லை. நமக்கு வலி சிறிதும் இல்லை, சிரிப்புத்தான் வந்தது. மருத்துவர் ஓடிவந்து, இது எத்தனை விரல், உங்கள் மூத்த மகள் பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் சரியாகச் சொன்னோம். கிழமை எப்போதுமே நமக்குத் தெரியாது என்று சபையோர் சாட்சி சொன்னார்கள். ஆனால் இலஞ்சி கோலின் முறிந்த துண்டைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். "உடையவில்லை, உடையவில்லை" என்பதைத் தவிர வேறொன்றும் அவள் வாயில் வரவில்லை. அவளுக்கு மோர் கொடுத்து, நம் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டோம்.

அப்போது கணக்கர் எழுந்து, பழைய சட்டம் இன்னும் மாற்றப்படவில்லை, அடி முன்னும் ஆணை பின்னுமாக நிற்கிறது, ஆகையால் இவள் குற்றவாளி என்று பணிவோடு நினைவூட்டினார். புதிய ஆணை அன்று காலை கதிர் எழுந்தபோதே பிறந்துவிட்டதாகக் கொள்க என்று பணித்தோம். கணக்கர் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார்.

வேளே, வீரம் குறித்து நீர் எழுதியதற்கும் ஒரு சொல். உம் இடப்புருவத்தின் மேலுள்ள தழும்பை, கோற்பந்து தந்த விழுப்புண் என்று நீர் சபைகளில் காட்டுவது வழக்கம். அந்த ஆட்டத்தை, பதினாறு வயதுப் பெண்ணாக, நாமும் பார்த்தோம். எல்லைக்கயிறு தடுக்கி நீர் மோர்ப்பானை மேல் விழுந்தீர். இத்தனை ஆண்டு காத்த இரகசியத்தை இன்று உடைத்ததற்குப் பொறுத்தருள்க. உம்மை நாம் மதிப்பது அந்தத் தழும்புக்காக அன்று. முகத்துக்கு நேரே வரும் பந்தை நோக்கிப் பின்வாங்காமல் பாய்கிறவன் தலையில் பிரம்புக்கூடு இருந்தால் அவன் கோழையாகிவிடுவான் என்று நீர் மெய்யாக எண்ணவில்லை. தோற்ற கோபத்தில் எழுதினீர். நாமும் அப்படி ஓலைகள் எழுதியதுண்டு.

ஆகவே நம் ஆணை இது. தலைக்கூடுகளை ஒழிக்கவேண்டும் என்ற உம் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. எல்லைக்கற்களுக்கும் அரசுப் படகுகளுக்கும் பழைய காவல் தொடரும். ஆட்டவெளியின் தலைக்கூட்டுக்கும், காற்காப்புக்கும், வாயிற்காவலனின் கையுறைக்கும் அச்சட்டம் இல்லை. சோதனையில் தேறியதற்குரிய முத்திரை இனி வெளியே இராது; உள்ளே, உச்சந்தலை படும் மெத்தையின்மேல் இருக்கும். பழைய கூடுகளின் நெற்றி முத்திரையைச் சுரண்டி எடுக்க நம் பிரம்புச்சாலையார் வருகிறார்கள். அவர்களுக்கு ஒருவரும் அஞ்ச வேண்டா. ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு கூடும் பானைச் சோதனைக்கு வரவேண்டும். பலத்த அடி வாங்கிய கூடு, வெளியே கீறல் ஒன்றும் தெரியாவிட்டாலும், அன்றே இரண்டாக அறுத்துப் போடப்பட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று வீட்டில் வைத்துக் காய்கறி போட்டுவைக்கலாகாது, ஏனெனில் அது ஒருநாள் மறந்துபோய் மீண்டும் ஒரு தலையில் ஏறும். தலையில் அடிபட்டவன், எனக்கு ஒன்றுமில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், அன்றைய ஆட்டத்தில் மீண்டும் இறங்கலாகாது. ஒன்றுமில்லை என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஆட்டவெளிக்குள் யாராவது தலைக்கூட்டைக் கழற்றினால், எக்காரணம் பற்றியாயினும், அக்கணமே சங்கு ஊதி ஆட்டம் நிற்கும்.

தன் நாடாவைத் தானே கட்டிக்கொண்டவன் ஆட இறங்கலாகாது. இன்னொருவர் கட்டவேண்டும், விரல் விட்டுப் பார்க்கவும் வேண்டும். இதை நாம் எவ்வாறு கற்றோம் என்பதை மேலே கேட்டீர்கள்.

கரும்பனூர்க் கொற்றன் கூட்டைக் கவிழ்த்துப் பெற்ற வெற்றி செல்லாது. ஆனால் அந்த யோசனைக்காக அவனுக்கு ஒரு பட்டுத் துண்டும், இனி ஒருமுறை அப்படிச் செய்யலாகாது என்ற எச்சரிக்கையும், இரண்டும் ஒரே தட்டில் வைத்து அனுப்பப்படுகின்றன. கரும்பனூரார் இதற்காக முகம் வாடுவார்களாயின், வேளே, நீரே முதலில் சென்று அவர்களை விருந்துக்கு அழைப்பீர்.

பங்குனி முழுநிலவு நாளில், வெயில் தணியத் தொடங்கும் வேளையில், ஆட்டம் மறுபடி நடக்கும். நாமும் வருகிறோம். அரியணை போட வேண்டா. புன்னைவாயில் வாயிலுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே, ஒரு முக்காலி போதும். தித்தன் அந்த வாயிலில் நிற்பான். அவனுடைய கூடு சபையில் அடி வாங்கியபடியால் அறுக்கப்பட்டுவிட்டது. புதியது ஒன்று, அவன் தலை அளவை இலஞ்சி நினைவிலிருந்தே நூல் பிடித்துக் காட்டியபடி முடைந்து, அவளோடு உப்புப் படகிலேயே அனுப்பியிருக்கிறோம். அதன் நாடாவைக் கட்டும் உரிமை அவளுடையது. அவள் கட்டி, விரல் விட்டுப் பார்த்து, போதும் என்று கையை உயர்த்தும்வரை நடுவர் சங்கில் வாய் வைக்கலாகாது. எத்தனை நேரம் ஆனாலும் இரண்டு ஊரும் காத்திருக்கும். நாமும் காத்திருப்போம்.

இவ்வோலையில் நம் தலையில் அடி விழுந்த பகுதியைப் படிக்கும்போது மக்கள் சிரித்திருப்பார்கள். தடுத்திருக்க மாட்டீர் என்று நம்புகிறோம். தடுத்திருந்தால் அப்பகுதியை மட்டும் இன்னொரு முறை படிப்பிக்க. இதுவும் ஆணை.

மாசித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், நெடுமணல் அரண்மனையில் நாம் சொல்ல, கணக்கர் எழுத, அமைச்சர் கண்டனார் இருமுறை வாசித்துச் சரிபார்க்க, நாரை முத்திரை இட்டு விடுத்தோம். சொன்னபடி செய்க. நலமாக ஆடுக. ஆடப்போன அனைவரும் முழுத்தலையோடு வீடு திரும்புக.

அருமணி மாதேவி